இரண்டரை அணாவும் ஓர் இடைகழியும்

சம்மர் கேம்ப் கதை எழுத நினைப்பவர்களுக்குத் திருக்கோவிலூர் வைத்திருக்கும் சரக்கு

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரையில் ஒரு வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். பெயின் என்பவருடைய ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவர வேண்டும். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறைக்குக் கை ஓடவில்லை. தாள்களைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் பாயும் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தையை எறிந்தார். அது சுருக்கென்று தைத்தது.

ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் பையன் எழுந்தான். போகிற வழியில் தன் காலேஜ் ஃபீஸைக் கட்டச் சொல்லி, பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். பையன் வீட்டிலிருந்த பழைய அட்லஸைப் புரட்டினான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அதில் இருந்தது. மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டு ரூபாயையும், ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்று ஒரு சீட்டையும் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். திண்டிவனம் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா.

அட்லஸ் பழசு, பாதை புதுசு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்பதை உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கினான். பசி. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசு நீட்டினான். மொத்தம் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டார் ஓட்டல்காரர். இரண்டரை அணா என்றான். நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டரை அணா மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட்டுக்கு ஆயிற்று. அதற்கப்புறம் பத்து மைல் நடை. பொழுது சாய்கிற நேரத்தில் பெண்ணையாற்றங்கரைப் பாறைமேல் நிற்கும் அறையணிநல்லூர்க் கோயில் கண்ணில் பட்டது. அக்கரையில் திருக்கோவிலூர்.

அறையணிநல்லூர்க் கோயிலில் சோறு கிடையாது என்றார்கள். பூசைக்காரர்கள் ஆற்றைத் தாண்டிக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போக, பின்னாலேயே போனான். அங்கும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். தண்ணீர் கேட்டு நடக்கிற வழியில் மயக்கம் வந்து விழுந்தான். சோறு மண்ணில் சிதறியது. எழுந்து பொறுக்கித் தின்றான். மறுநாள் கோகுலாஷ்டமி. அதே ஊரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு. காதுக் கடுக்கனைக் கழற்றி அவரிடம் வைத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டான். இரவு ஸ்டேஷனில் படுத்தான். செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.

பையன் பெயர் வேங்கடராமன். ஊர் உலகம் பின்னால் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

ஆன்மிகத்தைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, இதை வெறும் கதையாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் சொன்ன ஒரு பொய், தப்பான அட்லஸ், எண்ணி எண்ணிச் செலவழித்த காசு, முகம் தெரியாதவர்களின் கருணை, பசி, இருட்டுக் கோயில், அடகு வைத்த கடுக்கன். உலகத்தின் நல்ல சிறுவர் சாகச நாவல்கள் எல்லாம் இந்தச் சாமான்களை வைத்துத்தான் கட்டப்பட்டவை. இந்தக் கதையில் மூன்றே பகல். அதில் பாதிக்குமேல் நடந்தது திருக்கோவிலூரில்.

முகாம் வந்த வழி

பிள்ளைகள் கோடையில் வீட்டை விட்டுக் கூட்டாகப் போய்த் தங்குவது, அங்கே சிநேகிதம் பிடிப்பது, சண்டை போடுவது, ஒரு மர்மத்தைத் துப்புத் துலக்குவது: மேல்நாட்டுக் குழந்தைப் புத்தகங்களில் இது ஒரு தனி வகை. அதற்கு வேர் ஒரு தீவில் இருக்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களைக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்தார். ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். ஒரே கூடாரம், ஒரே சட்டி. சாரணர் இயக்கம் அங்கே பிறந்தது.

இந்தியாவுக்கு அது வந்தபோது இந்தியப் பையன்களுக்குக் கூடாரத்தில் இடமில்லை. வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. அன்னி பெசன்ட் 1916-ல் சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. 1921-ல் பேடன் பவலே இந்தியாவுக்கு வந்த பிறகு கதவு திறந்தது. 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக எல்லாம் ஒன்றாயின. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட் மைதானத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடிய வைர விழா ஜாம்போரி அந்தத் தொடர்ச்சிதான். முகாம் என்பது நம் ஊரில் கேட்டு வாங்கிய உரிமை; இது பலருக்குத் தெரியாது.

கதையில் முகாம் எப்படி நுழைந்தது? ஆர்தர் ரான்சம் 1930-ல் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்’ நாவலில் நான்கு பிள்ளைகள் தனியாகப் படகோட்டிப் போய் ஏரித் தீவில் கூடாரம் போடுகிறார்கள். ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949-ல் எழுதிய நாவலில் இரண்டு சிறுமிகள் கோடை விடுதி ஒன்றில் சந்திக்கிறார்கள், ஒரே முகம், பிரிந்துபோன அப்பா அம்மாவின் இரட்டைப் பிள்ளைகள். ஆளுக்கு ஆள் வீடு மாறிப் போய்ப் பெற்றோரைச் சேர்த்து வைக்கிறார்கள்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். ஹாலிவுட் அதை 1961-ல் படமாக்கியது. அங்கிருந்து ஏவி.எம். எடுத்துக்கொண்டு, கிருஷ்ணன் பஞ்சு இயக்கி, 1965-ல் ‘குழந்தையும் தெய்வமும்’ என்று வந்தது. இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி. ஆல்ப்ஸ் மலையடிவார முகாமில் பிறந்த கதைக்குத் திருக்கோவிலூர் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து நம் பாட்டிமார் கண்ணைத் துடைத்திருப்பார்கள். கதை அவ்வளவு தூரம் வந்தது. முகாம்தான் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

நம் பிள்ளைகள் போன தூரம்

தமிழில் சிறுவர் சாகசத்துக்குப் பஞ்சமில்லை. ‘அம்புலிமாமா’ 1947-லேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டே தமிழ்வாணனின் ‘கல்கண்டு’. அழ. வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி ஒரு பட்டாளத்தையே எழுத வைத்தார். 1972-ல் ‘கோகுலம்’, அதே ஆண்டில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’, 1984-ல் ‘பூந்தளிர்’. வாண்டுமாமா என்ற பெயரைக் கேட்டதும் ஐம்பது தாண்டியவர்கள் முகத்தில் பத்து வயது வந்து உட்காருவதை நான் பல புத்தகக் கடைகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சாகசங்கள் நம்மை எங்கே கூட்டிப்போயின? இரும்புக்கை மாயாவியோடு லண்டன் போனோம். வேதாளரோடு ஆழ்காட்டுக்குள் போனோம். மந்திரவாதிகளின் குகைக்கும் பெயரில்லாத ராஜ்ஜியங்களுக்கும் போனோம். ஜெயமோகன் தினமணி சிறுவர்மணியில் தொடராக எழுதிய ‘பனிமனிதன்’ இமயமலைக்கு ஏற்றிவிட்டது. அதில் ஒரு நல்ல காரியம் உண்டு: ராணுவ அதிகாரிக்கும் டாக்டருக்கும் சமமாக, கிம் என்ற மலைப் பையனும் கதையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அதைப் பின்னால் மறுபடி பேச வேண்டும்.

இந்த இரண்டு பத்தாண்டுகளில் காற்று ஊர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. பாரதி புத்தகாலயம், வானம் போன்ற பதிப்பகங்கள் குழந்தைகளுக்கென்றே புத்தகம் போடுகின்றன. விழியனும் விஷ்ணுபுரம் சரவணனும் யெஸ். பாலபாரதியும் நாவலாகவே எழுதுகிறார்கள். 2023-ல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடி மண்ணை நம்பி எழுதப்பட்டது. கீழடிக்கு ஒரு நாவல் கிடைக்குமென்றால் பெண்ணையாற்றுக்கும் ஒன்று கிடைக்க வேண்டும்.

பெயர் சொல்லி எழுதுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேஸ்ட்னர் 1929-ல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ நாவலில், ரயிலில் பணத்தைப் பறிகொடுத்த பையன் பெர்லினின் நிஜத் தெருக்களில் திருடனைத் துரத்துகிறான். அந்தத் தெருப் பெயர்களைப் படித்த பெர்லின் பிள்ளை, தன் வீட்டு வாசலில் கதை நடக்கும் என்று அன்றுதான் நம்பியிருக்கும். மாம்பழப்பட்டு என்று அச்சில் பார்க்கிற மாம்பழப்பட்டுப் பிள்ளைக்கும் அதே சிலிர்ப்புதான் வரும்.

மூவர் நின்ற ரேழி

முகாம் கதைக்கு ஒரு மழை இரவு வேண்டும். கூடாரம் ஒழுக வேண்டும், விளக்கு அணைய வேண்டும், அறிமுகமில்லாதவர்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். திருக்கோவிலூர் இந்தக் காட்சியைச் சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

அடைமழை. ஒரு சின்ன இடைகழியில் ஒருவர் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று இடம் விட்டு உட்காருகிறார். மறுபடி கதவு தட்டப்படுகிறது. இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். பொய்கையார், பூதத்தார், பேயார். மூவரும் அதற்குமுன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நிற்கிற கொஞ்ச நேரத்தில் நெருக்கம் கூடுகிறது. நாலாவதாக யாரோ வந்து இடிக்கிறார்கள். இருட்டில் ஆள் தெரியவில்லை. யாரென்று பார்க்க விளக்கேற்றிய கதைதான் மூன்று திருவந்தாதிகள். வைணவ மரபில் ஆழ்வார் பாடல்கள் தொடங்குவது இந்த ஊர் ரேழியில்.

பெரியவர்களுக்கு இது தத்துவம். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். நாலாவது ஆள் யாரு என்றுதான் கேட்கும். அந்தக் கேள்வியில்தான் எல்லா மர்மக் கதையும் உட்கார்ந்திருக்கிறது. இடம் குறையக் குறையப் படுத்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார், யாரையும் வெளியே அனுப்பவில்லை. முகாமில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் எழுதப்படவில்லை. கதை கேட்ட பிள்ளையை அப்படியே உலகளந்த பெருமாள் கோயிலுக்குள் கூட்டிப்போனால், காலைத் தூக்கிக் கூரையைத் தொடுகிற மாதிரி நிற்கும் அந்தப் பெரிய உருவம், நாலாவது ஆளுக்கு இடம் ஏன் போதவில்லை என்பதைச் சொல்லிவிடும்.

ஆற்று நடுவில் ஒரு பாறை

ஊரை ஒட்டிப் பெண்ணையாற்றுப் படுகையில் தனியாக ஒரு பாறை நிற்கிறது. மேலே சின்னதாய் ஒரு கோயில். கபிலர் குன்று என்று பெயர்.

பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் சேர்ந்து கொன்றார்கள். மலையும் முந்நூறு ஊரும் போயின. எஞ்சியவர்கள் பாரியின் மகளிரும் அவனுடைய நண்பர் கபிலரும். சிநேகிதனின் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கபிலர் ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோன் மறுத்தான். இருங்கோவேள் மறுத்தான். கடைசியில் திருக்கோவிலூர் மலையமான் குடியில் அவர்களுக்கு வாழ்வு அமைந்தது என்கிறது மரபு. பொறுப்பு முடிந்ததும் கபிலர் ஆற்று நடுவில் இந்தப் பாறையில் உயிரை விட்டார். வடக்கிருந்தார் என்பது ஒரு வழக்கு. தீப்பாய்ந்தார் என்பது வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் செய்தி.

இதைப் பாடப் புத்தகத்தில் நாம் கபிலரின் நட்பு என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தோம். பெண் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து யாராவது பார்த்திருக்கிறோமா? வீடு போயிற்று, அப்பா போனார். அப்பாவின் சிநேகிதர் கையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழி. ஒவ்வொரு ராஜா வாசலிலும் நின்று, வேண்டாம் என்ற சொல்லைத் தம் காதால் கேட்டிருப்பார்கள். இரண்டு சிறுமிகளின் சாகச நாவல் இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆறும் ஒரு பாத்திரம்தான். நந்தி மலைப்பக்கம் பிறந்து, சாத்தனூர் அணையில் நின்று, கடலூரில் கடல் சேருகிற ஆறு. கோடையில் மணல், மணலும் பல இடங்களில் லாரி ஏறிப்போய்ப் பாறையும் முள்ளும் மிச்சம். நாங்கள் சின்ன வயதில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்த ஆறு. அதே ஆறு 2024 டிசம்பர் 2 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அன்று கரையில் நின்று பார்த்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் கற்பனை செய்து சொல்ல வேண்டியதில்லை. எழுத வருகிறவர்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்.

ஜம்பைக் குகை

புதையல் இல்லாத சாகசமா? அதுவும் உண்டு. தங்கம் இல்லை, ஒரே ஒரு வரி எழுத்து.

திருக்கோவிலூருக்கு மேற்கே பெண்ணைக் கரைப்பக்கம் ஜம்பை என்று ஒரு சிற்றூர். அங்கே குன்றில் ஒரு குகை. 1981-ல் தொல்லியல் பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர் அந்தக் குகைக்குள் தமிழ் பிராமி எழுத்தைக் கண்டார். சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் இது என்பது அதன் பொருள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று நாம் கேட்ட அதே அதியமான்.

அந்த ஒரு சொல் ஏன் புதையல்? அசோகர் தன் கல்வெட்டில் தென்னாட்டு அரசர்களை வரிசையாகச் சொல்கிறார்: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். மற்ற மூவரும் யாரென்று தெரியும். சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டு மல்லுக்கட்டினார்கள். விடை இரண்டாயிரம் ஆண்டாக ஜம்பையில் ஆடு மேய்க்கிறவர்கள் ஒதுங்குகிற பாறைக்கடியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பெரிய பேராசிரியர் இல்லை, மாணவர். ஐந்து சிநேகிதர்கள் மழைக்கு ஒதுங்கிய குகையில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள் என்று நாவல் தொடங்கினால், இந்த மண்ணில் அது நம்பமுடியாத காட்சியே அல்ல.

பக்கத்துக் கீழ்வாலையில் பாறையில் காவி நிறத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. எழுத்துக்கு முந்தைய மனிதன் விட்டுப்போன சங்கேதக் குறிப்பு. அதற்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம்.

மலையில் முகாம் பத்து மாதம்

இனி மேற்கே போக வேண்டும். கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கோமுகி அணைப்பக்கம் போனால் கல்வராயன் மலை எழும்பி நிற்கும். ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர். மேகம், பெரியார் என்று அருவிகள். கோடை விழாவும் நடக்கும். சம்மர் கேம்ப் நாவலுக்கு அட்டைப்படமே தயார் என்று தோன்றும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பிக் கரிராமன் சாமியோடு மலை ஏறினோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஜடாயக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை இது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்குமேல், 1976 வரை, அந்த ஆட்சிதான். தினையும் சாமையும் விளையும். கடுக்காய் பெயர்போனது.

ஆனால் பத்திரிகையில் கல்வராயன் என்ற பெயர் எப்போது வருகிறது? சாராய ஊறல் அழிப்பு என்ற துண்டுச் செய்தியில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதையடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் ரேஷனும் அங்கே எப்படி இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் மலையின் பெயரைக் குற்றச் செய்தியில் மட்டுமே படித்து வளரும் பிள்ளையின் நெஞ்சில் என்ன உட்காரும்?

இன்னொன்று. கீழேயிருக்கிற பிள்ளைக்கு முகாம் என்றால் பத்து நாள் வாடகை உல்லாசம். கராத்தே, அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கடைசி நாள் சர்டிஃபிகேட். மலைப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஆறு வயதிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறவர்கள். வரிசையில் தட்டு, பொதுக் குழாயில் குளியல், பக்கத்துப் பாய்க்காரன் சிநேகிதன், இருட்டினால் அம்மா ஞாபகம். அவர்களுக்கு முகாம் பத்து மாதம். கோடை என்பது வீட்டுக்குப் போவது.

மேல்நாட்டு முகாம் நாவலில் பிள்ளை வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகும். அங்கே சாகசம் நடக்கும். கல்வராயன் பிள்ளையின் நாவலில் அது தலைகீழாகும். பள்ளி மூடுகிற நாள். பஸ் வரவில்லை. மூன்று சிநேகிதர்கள் பெட்டியோடு ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்கு நடக்கிறார்கள். வழியில் ஓடை, மழை, தேன்கூடு, வழி தப்பி வந்த ஒரு டவுன் பிள்ளை. யார் யாருக்கு வழிகாட்டுவது என்பது சொல்லாமலே விளங்கும்.

வழக்கமாக நம் கதைகளில் மலைப் பையன் டவுன் பிள்ளைகளுக்குச் சுள்ளி பொறுக்கித் தருவான், பழம் பறித்துத் தருவான், பாம்பைப் பிடிப்பான், கடைசி அத்தியாயத்தில் அழுதுகொண்டே கையசைப்பான். ‘பனிமனிதன்’ கிம்மைச் சொன்னதற்குக் காரணம் அதுதான். மலைப் பிள்ளையைக் கூலியாளாக வைத்து எழுதும் சாகசம் வேண்டாம். பிரவுன்சீ தீவில் ஒரே சட்டியில் சாப்பிட்டார்களே, திருக்கோவிலூர் ரேழியில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்தாரே, அந்த நியாயம் கதைக்குள்ளும் நடக்க வேண்டும்.

எழுதப் போகிறவர்களுக்கு

கேம்ப் கதை எழுதுவதற்குச் சில சமையல் குறிப்புகள் உண்டு. முதலில் பெற்றோரை அப்புறப்படுத்த வேண்டும். தமிழ் வீட்டில் இதுதான் கஷ்டம். அம்மா ஒரு மணிக்கு ஒரு போன் போட்டால் எந்தப் பிள்ளையும் குகைக்குள் போக முடியாது. ஆனால் நம்மிடம் ஓர் ஏற்பாடு இருந்தது: ஏப்ரல் கடைசியில் ஊருக்கு அனுப்புவது. மாமா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், பத்துப் பேர், ஒரே பாய், ஒரே பானை. பாட்டிக்கு எல்லாரையும் கவனிக்க நேரம் இருக்காது, அதுதான் சுதந்திரம். அந்த ஊர்தான் நம் முகாம். டியூஷனும் கைபேசியும் அதைச் சுருக்கிவிட்டாலும் முழுக்க அழித்துவிடவில்லை. நாவலை அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்து சாப்பாடு. எனிட் பிளைட்டனைப் படித்த பிள்ளைகளுக்குக் கதை மறந்திருக்கும். பிக்னிக் கூடையில் என்ன இருந்தது என்பது மறக்காது. நம் கதையில் கட்டுச்சோறு இருக்கட்டும், சாமைச் சோறு இருக்கட்டும். கோயிலில் மேளக்காரர் தன் பங்கைப் பிட்டுக் கொடுத்தது போல யாராவது யாருக்காவது கொடுக்கட்டும்.

அப்புறம் வரைபடம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு மேப் இருந்தால் பிள்ளை விரலை வைத்து வழி பார்க்கும். ரயில் ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரகண்டநல்லூரில். அது விழுப்புரம் மாவட்டம். பாலத்தைத் தாண்டினால் திருக்கோவிலூர். 2019 நவம்பரில் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். நடுவில் கபிலர் குன்று. ஒரு பாலத்தைக் கடப்பதே எல்லை தாண்டுவது என்பது பெரியவர்களுக்கு நிர்வாகத் தகவல். பிள்ளைகளுக்கு உளவாளி வேலை.

அச்சுக்கு வந்த பிறகு கொண்டு சேர்க்கும் வழிகளும் இன்று இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பிள்ளைகளுக்கே இதழ் நடத்துகிறது. வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் நிற்காமல் வருகிறது. ‘கோகுலம்’ அச்சை நிறுத்திய 2020-க்குப் பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று புலம்பியவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. எழுத்தாளர்கள் திருக்கோவிலூருக்கும் வெள்ளிமலைக்கும் பஸ் ஏறி வந்து, உறைவிடப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். மலையிலிருந்தே ஒருவர் எழுதினால் அதற்குமேல் சிறப்பு வேறில்லை. பதிப்பாளர்கள் அந்தக் கைப்பிரதிக்குக் காத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கோடையில் கேம்ப்புக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுங்கள். விழுப்புரத்திலிருந்து காட்பாடிப் பாதையில் போகும் பாசஞ்சர் ரயிலில் பிள்ளையை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, மாம்பழப்பட்டு போர்டு வந்ததும் அந்த இரண்டரை அணாக் கதையைச் சொல்லுங்கள். திருக்கோவிலூரில் இறங்கிப் பாலத்தில் நடந்து போங்கள். பாறையைக் காட்டுங்கள். கைபேசி மேப்பைப் பையில் போட்டுவிட்டு, வழியை உள்ளூர்ப் பிள்ளை ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்கிற வேலையை உங்கள் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.